கடுங்குளிரைக் காக்கும் முறை

கொதிநீரின் ஆவியைக் கொண்டு யந்திரத்தை ஓட்டக் கற்ற மனிதன், கடுங்குளிரைக் கொண்டு வேலை வாங்கக் கற்றது மிகவும் பிற்காலத்தில்தான். காற்றைப் பெருமளவில் திரவமாக்கும் முறையை ஜெர்மனியில் கார்ல் லிண்டே 1895-ஆம் ஆண்டில் நிலைநாட்டினார். லண்டனில் ஜேம்ஸ் டூவர் 1898-ஆம் ஆண்டில் ஹைட்ரஜன் வாயுவைத் திரவமாக்கினார். ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் 1908-ஆம் ஆண்டில் ஹீலியத்தையும் திரவமாக்கினார். அன்று ஒரு சிறு கண்ணாடிக் குடுவைக்குள் அடங்கிய இத்திரவங்கள் இன்று டன் கணக்கில் உபயோகமாகின்றன.

இவ்வுபயோகங்களில் இரண்டு தனிக் கவனத்திற்கு உரியவை. ஒன்று, திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உருவான ராக்கெட்டின் கடுங்குளிர் நிலை. செய்தித்தாள்கள் இதனைக் கிரையோஜெனிக் நிலை என்று குறிப்பிடும். மற்றொன்று, பூமிக்கடியில் ஆழ்ந்த குகைகளில் நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பிடிப்பதற்காக அமைக்கப்படும் திரவ ஆர்கன் கலம். முன்னது விண்ணை நோக்கி எழுவது. பின்னது மண்ணுக்குள் அமர்ந்திருப்பது. முன்னதன் பணி சில நிமிஷங்களில் முடிவது. பின்னதன் பணி பல்லாண்டு நீடிப்பது. எனினும் இரண்டிற்கும் அடிப்படையான பிரச்சினை ஒன்றே. குளிரை உண்டாக்குவதற்கு நன்கு பழகிய யந்திரங்கள் உள்ளன. உண்டான குளிரைக் கசிவின்றிக் காப்பதே இத்துறையின் உண்மையான சோதனையாகும். அக்காவலில் ஒரு சிறு வால்வு தவறினாலும் முழு முயற்சியும் வீணாகும் என்பதை அனுபவம் காட்டியிருக்கிறது.

கடுங்குளிர்த் திரவங்கள்

நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. சாதாரண அழுத்தத்தில் ஆக்ஸிஜன் பூஜ்யத்திற்குக் கீழ் 183 டிகிரியிலும், ஆர்கன் பூஜ்யத்திற்குக் கீழ் 186 டிகிரியிலும், நைட்ரஜன் பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரியிலும் கொதிக்கின்றன. ஹைட்ரஜன் பூஜ்யத்திற்குக் கீழ் 253 டிகிரியில் கொதிக்கிறது. ஹீலியம் இன்னும் கீழே சென்று, பூஜ்யத்திற்குக் கீழ் 269 டிகிரியில் கொதிக்கிறது. இயற்கையில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 273 டிகிரிக்கும் சற்றுக் கீழே முற்றுப் பெறுகிறது. ஆதலால் திரவ ஹைட்ரஜன் இவ்வெல்லைக்கு மேல் 20 டிகிரி தொலைவிலேயே இருக்கிறது.

இத்தகைய திரவம் ஒரு கலத்தில் இருக்கும்போது, அதன் நிலை அடுப்பின்மீது வைத்த நீரின் நிலையை ஒத்தது. அறையின் சாதாரண உஷ்ணநிலையே அதற்கு அடுப்பாகும். சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் ஓயாது உள்ளே புக முயல்கிறது. புகுந்த வெப்பம் ஒவ்வொரு துளியாகத் திரவத்தை வாயுவாக்குகிறது. அவ்வாயு திரவத்தைவிடப் பன்மடங்கு இடம் கோரும். ஒரு லிட்டர் திரவ ஆர்கன் சாதாரண உஷ்ணநிலையில் 800 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாகும். திரவ ஹைட்ரஜனும் அவ்வாறே. மூடிய கலத்தில் இதற்கு வழி விடாவிடில் கலம் வெடிக்கும். தாராளமாக வழி விட்டாலோ திரவம் தீர்ந்துபோகும். இவ்விரண்டிற்கும் இடையே சரியான அழுத்தத்தை நிலைநிறுத்துவதே கடுங்குளிர்ப் பொறியியலின் முதற் பாடம்.

வெப்பம் புகும் வழிகள் மூன்று. திடப் பொருளின் வழியே கடத்தலாகப் புகலாம். காற்றின் ஓட்டத்தால் சலனமாகப் புகலாம். ஒளியைப் போல் கதிர் வீச்சாகவும் புகலாம். இம்மூன்றையும் ஒருங்கே தடுக்க டூவர் 1892-ஆம் ஆண்டில் ஒரு குடுவையை அமைத்தார். இரட்டைச் சுவர்களுக்கு இடையே வெற்றிடம். சுவர்களின்மேல் வெள்ளிப் பூச்சு. வீடுகளில் காப்பியைச் சூடாக வைத்திருக்கும் தெர்மாஸ் குடுவை இதன் வழித்தோன்றலே. சூட்டை வெளியேற விடாத குடுவை சூட்டை உள்ளே புகவும் விடாது. ஆய்வுக்கூடக் கலங்கள் யாவும் இன்றும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. ஆனால் ராக்கெட்டுக்கும் நிலத்தடிக் கலத்திற்கும் இம்முறை அப்படியே பொருந்துவதில்லை. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

வலியமலையின் முயற்சி

திருவனந்தபுரத்தின் கடற்கரையில் உள்ள தும்பாவிலிருந்து 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட் ஏவப்பட்டது. நகரத்தின் மறுபுறத்தில், நெடுமங்காட்டுக்கு அருகே, மலைச்சாரலில் அமைந்துள்ள வலியமலையில் திரவ உந்துபொருள் அமைப்புகளுக்கான மையம் 1980-களில் உருவாயிற்று. எஞ்சின்களும் தொட்டிகளும் வால்வுகளும் இங்கு வகுக்கப்படுகின்றன. அவற்றை எரித்துப் பரிசோதிக்கும் இடம் எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் உள்ளது.

ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் திரவமாகக் கொண்டு ராக்கெட்டை இயக்குவதன் சிறப்பு யாது? ஒரு கிலோ உந்துபொருள் ஒரு கிலோ எடைக்குச் சமமான உந்துவிசையை எத்தனை வினாடி அளிக்கும் என்பது எஞ்சினின் தரத்தை அளக்கும் ஒரு முறை. சாதாரண உஷ்ணநிலையில் வைக்கக்கூடிய திரவங்களால் இயங்கும் விகாஸ் எஞ்சின் ஏறத்தாழ 290 வினாடி அளிக்கிறது. வலியமலையின் முதற் கடுங்குளிர் எஞ்சின் 450 வினாடிக்கு மேல் அளிக்கிறது. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைபெற வேண்டிய கனமான செயற்கைக் கோள்களைச் செலுத்துவதற்கு இவ்வேறுபாடே வழி திறப்பது.

இந்நுட்பத்தைப் பிற நாட்டிலிருந்து பெறுவதற்கு 1991-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாடுகளைச் சுட்டி அமெரிக்கா 1992-ஆம் ஆண்டில் தடை விதித்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஆயத்தமான நிலைகள் கிடைத்தன. அவற்றைச் செய்யும் நுட்பம் கிடைக்கவில்லை. ஆகவே 1994-ஆம் ஆண்டில் உள்நாட்டிலேயே கடுங்குளிர் நிலையை உருவாக்கும் திட்டம் தொடங்கியது. அத்திட்டம் பறக்கும் வெற்றியாக முடிய இருபது ஆண்டுகள் பிடித்தன.

தொட்டியின் உள்ளே

இத்தனை ஆண்டுகள் பிடித்தது ஏன் என்பதற்கு விடை அத்திரவங்களின் இயல்பிலேயே இருக்கிறது.

முதலாவதாக, திரவ ஹைட்ரஜன் வியக்கத்தக்க அளவு இலேசானது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. அதே அளவு திரவ ஹைட்ரஜனின் எடை 71 கிலோ மட்டுமே. எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் கடுங்குளிர் நிலை ஏறத்தாழ 28 டன் உந்துபொருளை ஏந்துகிறது. அதில் எடையால் ஆறில் ஒரு பங்கு அளவே ஹைட்ரஜன். ஆயினும் அது ஆக்ஸிஜனைப் போல் மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெரிய தொட்டி என்றால் பெரிய மேற்பரப்பு. பெரிய மேற்பரப்பு என்றால் வெப்பம் புகப் பெரிய வாயில். மிகவும் குளிர்ந்த திரவத்திற்கே மிகப் பெரிய வாயில் அமைந்துவிடுகிறது.

இரண்டாவதாக, உலோகங்கள் கடுங்குளிரில் தம் குணம் மாறுகின்றன. சாதாரண எஃகு கண்ணாடியைப் போல் உடையும் தன்மை அடைகிறது. ஆகவே அலுமினியக் கலப்பு உலோகமும் துருவேறா எஃகும் போன்ற சிலவற்றையே நம்பலாம். அவையும் சுருங்குகின்றன. ஒரு மீட்டர் நீள அலுமினியம் அறையின் உஷ்ணநிலையிலிருந்து திரவ ஹைட்ரஜனின் உஷ்ணநிலைக்கு வரும்போது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறைகிறது. வெவ்வேறு உலோகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், அறையில் இறுகப் பொருந்திய இணைப்பு குளிரில் தளர்ந்து கசியலாம். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கல்லாக இறுகிவிடுவதால் வால்வின் அடைப்பைத் தேர்ந்தெடுப்பதும் பெருங் கவலையாகிறது.

மூன்றாவதாக, ஹைட்ரஜனின் குளிரில் ஹீலியம் தவிர்ந்த பிற வாயுக்கள் யாவும் உறைந்து திடமாகின்றன. குழாயில் தங்கிய சிறிதளவு காற்றோ ஈரமோ பனிக்கட்டியாகி, நுண்துளைகளை அடைக்கும். சுழலும் பாகங்களைப் பற்றிக்கொள்ளும். உறைந்த ஆக்ஸிஜன் திரவ ஹைட்ரஜனுடன் கலந்தால் வெடிக்கவும் கூடும். ஆதலால் திரவம் நிரப்புமுன் தொட்டியும் குழாய்களும் ஹீலியத்தைக் கொண்டு நன்கு கழுவப்படுகின்றன.

நான்காவது இடையூறு பலரும் அறியாதது. ஹைட்ரஜன் மூலக்கூறு ஆர்த்தோ, பாரா என இரு வகைப்படும். சாதாரண உஷ்ணநிலையில் நான்கில் மூன்று பங்கு ஆர்த்தோ வகை. திரவ நிலையிலோ ஏறத்தாழ முழுவதும் பாராவாக மாறவே அது விரும்புகிறது. மாறும்போது ஒரு கிலோவுக்கு 500 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு கிலோ திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பமோ 450 கிலோஜூலுக்கும் குறைவு. எனவே அவசரமாகத் திரவமாக்கப்பட்ட ஹைட்ரஜன், எத்தனை சிறந்த கலத்தில் இருந்தாலும், நாளடைவில் தன்னுள்ளிருந்தே வெப்பம் பிறந்து ஆவியாகிவிடும். திரவமாக்கும்போதே ஊக்கிகளைக் கொண்டு இம்மாற்றத்தை முடித்துவிடுவதே இதற்குப் பரிகாரம்.

ராக்கெட்டின் தொட்டிக்கு இரட்டைச் சுவரும் வெற்றிடமும் அமைத்தால் கனம் மிகுந்துவிடும். ஏற்றிச் செல்ல வேண்டிய செயற்கைக் கோளின் எடையைச் சுவர் விழுங்கிவிடும். ஆகவே தொட்டியின் வெளிப்புறத்தில் இலேசான நுரைப் பொருளே உறையாகப் பூசப்படுகிறது. அது காப்பது மணிக்கணக்கான நேரத்திற்கே போதும். ஏவும் தருணத்திற்கு நெருக்கமாகத் திரவம் நிரப்பப்பட்டு, ஆவியாவது ஈடு செய்யப்படுகிறது. புறப்பட்ட ஐந்தாவது நிமிஷ அளவில் எஞ்சின் எரியத் தொடங்குகிறது.

எரியும் எஞ்சினில் கடுங்குளிரும் கடுஞ்சூடும் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. எரி அறையினுள் உஷ்ணநிலை 3,000 டிகிரி அளவில் இருக்கும். அதன் சுவருக்குள் அமைந்த நுண்ணிய வாய்க்கால்களில் ஹைட்ரஜன் ஓடி, சுவர் உருகாமல் காத்துவிட்டுப் பின்னரே எரியச் செல்கிறது. அதனை அவ்வேகத்தில் செலுத்தும் பிரதான பம்பு நிமிஷத்திற்கு ஏறத்தாழ 40,000 முறை சுழல்கிறது. அதன் தாங்கு உருளைகளுக்கு எண்ணெய் இட இயலாது, எண்ணெய் உறைந்துவிடும். பாய்ந்து செல்லும் திரவமே அவற்றைக் குளிர்விக்கவும் வேண்டும்.

இரு தோல்விகள் அளித்த பாடம்

மகேந்திரகிரியில் 2007-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி முழுக் கடுங்குளிர் நிலையும் 720 வினாடி, அதாவது பறக்கும்போது தேவைப்படும் முழு நேரமும், தரையில் வெற்றியுடன் எரிக்கப்பட்டது. எனினும் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட்டில் அது முதன் முறையாகப் பறந்தபோது தோல்வியுற்றது. ஹைட்ரஜன் தொட்டியிலிருந்து திரவத்தைப் பிரதான பம்புக்குத் தள்ளிவிடும் துணைப் பம்பு சுழலத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் வேகம் குன்றி நின்றுவிட்டது. ஜிசாட்-4 செயற்கைக் கோள் கடலில் வீழ்ந்தது. தரையில் எத்தனை முறை எரித்துப் பார்த்தாலும், பறக்கும் நிலையின் எல்லாச் சூழ்நிலைகளையும் தரையில் உண்டாக்க இயலாது என்பது தெளிவாயிற்று. வெற்றிடத்தில் எஞ்சின் பற்றும் விதத்தையும், பம்பின் பாகங்கள் குளிரில் சுருங்கும் விதத்தையும் ஆராய்ந்து, பரிசோதனைகள் பெருக்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. டி-5 ஜிசாட்-14 செயற்கைக் கோளைத் தக்க பாதையில் சேர்த்தது.

அதன் பின்னர்த் தொடர்ந்து வெற்றிகள் கிட்டின. ஆயினும் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 தோல்வியுற்றது, இ.ஓ.எஸ்.-03 என்னும் பூமி ஆய்வுக் கோள் இழக்கப்பட்டது. இதன் காரணத்தை ஆராய்ந்த குழுவின் முடிவு இக்கட்டுரையின் பொருளுக்கு நேரான சான்றாகும். ஹைட்ரஜன் தொட்டியில் மிகுதியான வாயுவை வெளிவிடும் வால்வு கசிந்தது. அதனால் எஞ்சின் தொடங்கும் தருணத்தில் தொட்டியில் இருக்க வேண்டிய அழுத்தம் சேரவில்லை. துணைப் பம்பு முறையாக இயங்கவில்லை. எஞ்சின் எரியவில்லை.

அழுத்தம் குறைவதால் ஏன் இத்தனை கேடு? கொதிக்கும் எல்லையில் இருக்கும் திரவத்தின் மேலுள்ள அழுத்தம் குறைந்தால், அது இன்னும் குறைந்த உஷ்ணநிலையிலேயே கொதிக்கத் தொடங்கும். உயர்ந்த மலையில் நீர் 100 டிகிரிக்குக் கீழேயே கொதிப்பது இதே விதியின்படிதான். பம்பின் வாயிலில் திரவம் கொதித்துக் குமிழிகளாகிவிட்டால், திரவத்தைத் தள்ளுவதற்கென வகுத்த பம்பு ஆவியைத் தள்ள முயன்று தடுமாறும். வால்வின் மென்மையான அடைப்பு சேதமுற்றது கசிவுக்குக் காரணமாகலாம் என்று குழு கருதியது. வால்வை உறுதிப்படுத்தவும், எஞ்சின் தொடங்குமுன் தொட்டியில் போதிய அழுத்தத்தைத் தனி ஏற்பாட்டினால் ஊட்டவும், புறப்படுமுன் கடுங்குளிர் நிலையின் அளவுகளை மேலும் கண்காணிக்கவும் அது பரிந்துரைத்தது. 2023-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி இவ்வரிசை ராக்கெட் மீண்டும் வெற்றி கண்டது. எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் பெரிய கடுங்குளிர் எஞ்சின், அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 விண்கலத்தைச் சந்திரனை நோக்கிய பயணத்தில் செலுத்தியது.

பூமிக்கடியில் குளிர்

ராக்கெட்டின் தொட்டியில் கற்ற பாடங்களை, அளவிலும் காலத்திலும் பன்மடங்கு பெருக்கிக் காட்டுவது நிலத்தடிக் கலமாகும்.

நியூட்ரினோ மின்னேற்றம் இல்லாத துகள். பெரும்பாலும் பூமி முழுவதையும் எதன்மீதும் மோதாமல் கடந்து செல்லும். அபூர்வமாக நிகழும் மோதலைக் காண வேண்டுமானால், மிகப் பெரிய அளவு பொருளை வைத்துக் காத்திருக்க வேண்டும். விண்ணிலிருந்து பொழியும் பிற கதிர்கள் அதனைக் குழப்பாமலும் தடுக்க வேண்டும். அத்தடுப்பைப் பாறையே அளிக்கிறது. இம்முறையில் முன்னோடியான ஆராய்ச்சி இந்தியாவிலேயே நடந்தது. மைசூர்ப் பகுதியின் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் 1965-ஆம் ஆண்டில் காணப்பட்டது. அக்கருவிகளுக்குக் கடுங்குளிர் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்திற்கெனத் திட்டமிடப்பட்ட இரும்புத் தகட்டுக் கருவியும் சாதாரண உஷ்ணநிலையில் இயங்கும் வகையிலேயே வகுக்கப்பட்டது.

மோதலில் பிறக்கும் துகள்களின் பாதையை ஓவியம்போல் நுணுக்கமாகக் காண்பதற்குத் திரவ ஆர்கன் உதவும் என்பதை கார்லோ ரூபியா 1977-ஆம் ஆண்டில் எடுத்துக் கூறினார். மின்னேற்றம் கொண்ட துகள் ஆர்கனில் செல்லும்போது, வழியெங்கும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. ஆர்கன் எதனுடனும் எளிதில் சேராத வாயு. எலக்ட்ரான்களை அது பற்றிக்கொள்வதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு 500 வோல்ட் அளவில் மின்புலம் அமைத்தால், எலக்ட்ரான்கள் கலைந்துவிடாமல் பல மீட்டர் தூரம் நகர்ந்து, ஓரத்திலுள்ள உணர்கருவிகளை அடையும். அங்கு அவை விழும் இடத்தையும் காலத்தையும் கொண்டு பாதை முழுவதையும் வரைந்துவிடலாம். காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆர்கனே. ஆகையால் காற்றைப் பிரிக்கும் ஆலைகளில் அது பெருமளவில் கிடைக்கிறது.

இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் இகாரஸ் என்னும் கருவி 760 டன் திரவ ஆர்கனைக் கொண்டு 2010 முதல் 2013 வரை இயங்கியது. இப்போது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 1,480 மீட்டர் ஆழத்தில் டியூன் என்னும் கருவிக்கான குகைகள் தோண்டப்பட்டுள்ளன. 2024-ஆம் ஆண்டில் அப்பணி முடிந்தது. 1,300 கிலோமீட்டர் அப்பாலுள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்திலிருந்து பூமியினூடே அனுப்பப்படும் நியூட்ரினோக்களை இது காண வேண்டும். நான்கு கலங்களுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17,000 டன் திரவ ஆர்கனைக் கொள்ளும்.

கணக்கும் காப்பும்

இக்கலத்தின் உட்புறம் ஏறத்தாழ 62 மீட்டர் நீளமும், 15 மீட்டர் அகலமும், 14 மீட்டர் உயரமும் உடையது. இவ்வளவு பெரிய பெட்டிக்கு வெற்றிடச் சுவர் அமைப்பது எளிதன்று. வெளிக் காற்றின் அழுத்தம் தட்டையான சுவரை நசுக்கிவிடும். ஆகவே திரவமாக்கிய இயற்கை எரிவாயுவைச் சுமக்கும் கப்பல்களின் முறை கையாளப்படுகிறது. உள்ளே, 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள துருவேறா எஃகுத் தகடு. அதில் அலை அலையாக மடிப்புகள் உள்ளன. குளிரில் தகடு சுருங்கும்போது மடிப்பு விரிந்து கொடுக்கும். அதன் பின்னே 80 சென்டிமீட்டர் தடிப்பில் நுரைப் பொருள். புறத்தே பாரம் தாங்கும் எஃகுச் சட்டம். இம்முறை ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2018-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான டன் ஆர்கன் கொண்ட மாதிரிக் கலத்தில் பரிசோதித்துப் பார்க்கப்பட்டது.

எவ்வளவு வெப்பம் புகும் என்பதை மாணவர்களும் கணக்கிடலாம். பெட்டியின் ஆறு பக்கங்களின் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். நல்ல நுரைப் பொருள், ஒரு மீட்டர் தடிப்புக்கும் ஒரு டிகிரி வேறுபாட்டிற்கும், சதுர மீட்டருக்கு 0.025 வாட் அளவில் வெப்பத்தைக் கடத்தும். உள்ளும் புறமும் உஷ்ணநிலை வேறுபாடு ஏறத்தாழ 200 டிகிரி. 0.025-ஐ 200-ஆல் பெருக்கி, தடிப்பாகிய 0.8-ஆல் வகுத்தால், சதுர மீட்டருக்கு 6 வாட்டுக்குச் சற்று மேல் வரும். மொத்தத்தில் 25,000 வாட். ஒரு கிலோ ஆர்கனை ஆவியாக்க 1,61,000 ஜூல் தேவை. ஆகவே வினாடிக்கு 155 கிராம், நாளொன்றுக்கு 13 டன்னுக்கு மேல் ஆவியாகும். குழாய்கள், மின்கருவிகள், பம்புகள் ஆகியவற்றால் புகும் வெப்பம் இதற்குமேல். 17,000 டன்னில் 13 டன் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அது வெளியேறினால் நாள்தோறும் ஏறத்தாழ 8,000 கன மீட்டர் வாயுவாகும். ராக்கெட்டின் வால்வு திறந்த வானத்தில் வாயுவை விட்டுவிடலாம். குகைக்கு வானம் இல்லை. ஆர்கன் நஞ்சன்று; எனினும் குளிர்ந்த ஆர்கன் சாதாரணக் காற்றைவிட நான்கைந்து மடங்கு கனமானதால், தரையில் படர்ந்து, மனிதர் சுவாசிக்க வேண்டிய காற்றை விலக்கிவிடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆகவே ஆவியான வாயு முழுவதையும் பிடித்துத் திரும்பத் திரவமாக்குவது சிக்கனத்தோடு உயிர்ப் பாதுகாப்பும் ஆகும். ஆக்ஸிஜன் குறைவை அறிவிக்கும் கருவிகளும், கசிந்த வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் காற்றோட்டமும் இன்றி எவரும் அங்கு பணிபுரிய இயலாது.

திரும்பத் திரவமாக்கும் பணியைத் திரவ நைட்ரஜன் செய்கிறது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஆர்கன் கொதிக்கும் நிலைக்கும் உறையும் நிலைக்கும் இடையே மூன்றரை டிகிரி மட்டுமே இடைவெளி. சாதாரண அழுத்தத்திலுள்ள நைட்ரஜன் அதற்கும் கீழே குளிர்ந்தது. அதனை அப்படியே அனுப்பினால் ஆர்கன் குழாயின்மேல் கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். எனவே நைட்ரஜனை இரண்டு வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தில் வைத்து, அதன் கொதிநிலையை உயர்த்தி உபயோகிக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு ராக்கெட்டில் கேடு விளைத்த அதே விதி இங்குத் துணையாகிறது.

ஆர்கனைக் குகைக்குள் கொண்டு சேர்ப்பதும் யோசிக்கத்தக்கது. 1,480 மீட்டர் நீளக் குழாயில் திரவ ஆர்கனை நிரப்பினால், அதன் அடியில் 200 வளிமண்டலங்களின் அழுத்தம் உண்டாகும். வாயுவாக அனுப்பினாலோ, கூடும் அழுத்தம் கால் வளிமண்டலமே. ஆகவே லாரிகளில் வரும் திரவத்தை மேலேயே வாயுவாக்கி, சுரங்க வாயின் வழியே குழாயில் இறக்கி, கீழே மறுபடி திரவமாக்கும்படி திட்டம் வகுக்கப்பட்டுள்ளது.

தூய்மையும் காப்பின் ஒரு பகுதியே. எலக்ட்ரான்கள் மூன்றரை மீட்டர் நகர ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடிக்குச் சற்று மேலாகிறது. வழியில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு இருந்தால் எலக்ட்ரானை அது பற்றிக்கொள்ளும். ஆயிரம் கோடி ஆர்கன் அணுக்களுக்கு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு என்ற அளவுக்கும் கீழாக அழுக்கு குறைய வேண்டும். இதற்காகத் திரவம் இடையறாது பம்புகளால் எடுக்கப்பட்டு, வடிகட்டிகளினூடே செலுத்தப்பட்டு, மீண்டும் கலத்திற்கு வருகிறது. ஹைட்ரஜன் தொட்டியில் காற்று உறைந்து வழியை அடைக்கும். ஆர்கன் கலத்தில் காற்று கரைந்து தடயத்தை அழிக்கும். இரண்டிலும் பகை ஒன்றே.

முடிவுரை

இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்க எரிசக்தித் துறையும் நியூட்ரினோ ஆராய்ச்சியில் ஒத்துழைப்பதற்கு 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் உடன்படிக்கை செய்துகொண்டன. அத்தகைய கருவிகளில் பங்கு கொள்ளும் இளைஞர்களுக்குத் துகள் பௌதிகம் மட்டும் போதாது. உலோகம் எவ்வளவு சுருங்கும், அடைப்பு எங்கே கசியும், அழுத்தம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்னும் பட்டறை அறிவும் வேண்டும். அவ்வறிவை எந்த நாடும் எளிதில் கைமாற்றிக் கொடுப்பதில்லை என்பதற்கு 1993-ஆம் ஆண்டின் அனுபவமே சான்று. வலியமலையிலும் மகேந்திரகிரியிலும் அது இருபது ஆண்டு உழைப்பாலும், இரு ராக்கெட்டுகளை இழந்து கற்ற பாடத்தாலும் ஈட்டப்பட்டது. ராக்கெட்டில் தவறு நேர்ந்தால் அடுத்ததைக் கட்டித் திருத்திக்கொள்ளலாம். பதினேழாயிரம் டன் திரவம் நிரம்பிய நிலத்தடிக் கலத்தை இடையில் திறந்து பழுது பார்ப்பது அத்தனை எளிதன்று. ஆதலால் அக்கலத்தை மூடுமுன் ஒவ்வொரு பற்றவைப்பையும் ஒவ்வொரு வால்வையும் சோதித்தறிவது, அதில் நிகழப் போகும் ஆராய்ச்சியைப் போன்றே முக்கியமான விஞ்ஞானப் பணியாகும்.